ஆர்டர் இல்லாமல் ஓடிய ஆக்சிஜன்: ஒரு வார இறுதியின் நிகழ்வு ஆய்வு

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால், டாக்டர் மாடியில் குடியிருந்துகொண்டு கீழே பத்துப் படுக்கை போட்டு நடத்தும் சின்ன ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு வேறு பொருள். நெடுநாள் பராமரிப்பு தேவைப்படும் முதியவர்களும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில வாரம் தேறிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களும் தங்கும் இடம் அது. நாள் முழுக்க நர்ஸ் இருப்பார், டாக்டர் இருக்க மாட்டார். மத்திய அரசு விதிப்படி, சேர்ந்த முதல் 90 நாளில் 30 நாளுக்கு ஒரு முறையும் அதன் பிறகு 60 நாளுக்கு ஒரு முறையும் டாக்டர் நேரில் வந்து பார்த்தாக வேண்டும். மற்ற நாட்களில் ஆர்டர்கள், அதாவது டாக்டரின் சிகிச்சை உத்தரவுகள், பெரும்பாலும் ஃபோனில்தான் வரும்.

தமிழ்நாட்டில் படித்து, வார்டில் டாக்டர் பக்கத்திலேயே இருந்து பழகிய நர்ஸ்கள் இந்த இல்லங்களில் வேலைக்குச் சேரும்போது இந்த வித்தியாசம் உடனே மனதில் பதிவதில்லை. எனக்கும் பதிய நாளானது. ஒரு பெரியவருக்கு ஒரு வார இறுதியில் நடந்ததை அதனால்தான் எழுதுகிறேன். அப்போது நான் அங்கே சனி, ஞாயிறு பகல் மேற்பார்வை நர்ஸ். யாரையும் அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிகிச்சை தொடர்பான விவரங்களை மாற்றவில்லை.

பின்னணி

மத்திய மேற்குப் பகுதியில் ஒரு சிறு நகரம். இல்லத்தில் இரண்டு பிரிவுகள். பகலில் பதிவு பெற்ற நர்ஸ் (இங்கே ஆர்.என். என்பார்கள்) ஒருவர் இருப்போம். மாலையிலும் இரவிலும் பிரிவுக்கு ஒரு எல்.பி.என். இருப்பார். அவரும் உரிமம் பெற்ற நர்ஸ்தான், ஆனால் படிப்புக் காலம் குறைவு, நோயாளியை முழுமையாக மதிப்பிடும் பொறுப்பு அவருக்குத் தரப்படுவதில்லை. குளிப்பாட்டுவது, சாப்பிட உதவுவது, சக்கர நாற்காலியில் அழைத்துப் போவது எல்லாம் உதவியாளர்களின் வேலை.

இல்லத்தில் சுவரிலிருந்து ஆக்சிஜன் வராது. அறையில் கான்சென்ட்ரேட்டர் இருக்கும். காற்றை உள்ளே இழுத்து நைட்ரஜனைப் பிரித்துவிட்டு ஆக்சிஜனைத் தரும் இயந்திரம், உயரம் முழங்கால் அளவு. அதன் முகப்பில் ஒரு கண்ணாடிக் குழலும் அதற்குள் ஒரு சிறு பந்தும் உண்டு. பந்தின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கு. அறையை விட்டு வெளியே போனால் சிறு சிலிண்டர். நம் ஊர்க் கறுப்பு உடல், வெள்ளைத் தோள் சிலிண்டரைத் தேட வேண்டாம், இங்கே பச்சை. அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பார்த்தால், அவசரநிலை தவிர மற்ற எல்லாப் பயன்பாட்டுக்கும் மருந்துச் சீட்டு வேண்டும் என்று எழுதியிருக்கும். அமெரிக்கச் சட்டத்தில் மருத்துவ ஆக்சிஜன் ஒரு மருந்து. நாங்கள் தினமும் தூக்கிச் சுமக்கும் சிலிண்டரிலேயே அது அச்சாகியிருந்தது.

பெரியவருக்கு வயது 76. ரயில்வே பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளாக சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நிமோனியாவுக்காக ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, நடை தேறுவதற்காக எங்களிடம் வந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை

மாலை 6.40க்கு ஆம்புலன்ஸ் வந்தது. மூக்கில் குழாய், 2 லிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் தங்கள் சிலிண்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் உதவியாளர் ஸ்டோரிலிருந்து கான்சென்ட்ரேட்டரை உருட்டி வந்தார், அதே 2 லிட்டரில் வைத்து மாட்டினார்கள். யாரும் தவறாக எதையும் செய்யவில்லை. மூச்சுக்குச் சிரமப்படும் மனிதரின் குழாயைக் கழற்றிவிட்டு ஆர்டருக்காகக் காத்திருக்க முடியாது, கூடாது.

அட்மிஷன் பார்த்த நர்ஸ் டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்துக்கொண்டு, அழைப்புப் பணியில் இருந்த டாக்டருக்கு ஃபோன் செய்தார். பட்டியலில் 14 மருந்துகள். ஒவ்வொன்றாகப் படித்தார், டாக்டர் சரி என்றார், நர்ஸ் திரும்பப் படித்துக் காட்டினார். முறையாகத்தான் நடந்தது. ஆனால் அந்தப் பதினான்கில் ஆக்சிஜன் இல்லை. ஆஸ்பத்திரியின் கணினியில் ஆக்சிஜன் மருந்துப் பட்டியலில் வராது, சுவாசச் சிகிச்சை ஆர்டர்கள் என்ற தனிப் பகுதியில் இருக்கும். டிஸ்சார்ஜ் காகிதத்தில் மருந்துப் பட்டியல் மட்டும் அச்சாகி வந்தது. நான்காம் பக்கத்தில், டாக்டரின் விவரக் குறிப்புக்கு நடுவில், “2 லிட்டரில் வசதியாக இருக்கிறார்” என்று ஒரு வரி இருந்தது. அது ஆர்டர் அல்ல, ஒரு வர்ணனை.

ஒருவரைச் சேர்க்கும் நேரத்திலேயே அவருடைய உடனடிப் பராமரிப்புக்கு வேண்டிய டாக்டர் ஆர்டர்கள் இல்லத்தின் கையில் இருக்க வேண்டும் என்பது மத்திய விதி. பதினான்கு மருந்துக்கும் இருந்தது. அவர் மூக்கில் ஓடிக்கொண்டிருந்த பதினைந்தாவதுக்கு இல்லை.

சனிக்கிழமை பகல்

காலை 9 மணி வாக்கில் நான் அறைக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார். சாச்சுரேஷன் (இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்ற எண்) 91, நிமிடத்துக்கு 20 மூச்சு, முழு வாக்கியமாகப் பேச்சு. பந்து இரண்டில் நின்றது. நன்றாக இருக்கிறார் என்று குறித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

இந்த இடத்தில்தான் என் பங்கு வருகிறது. ஆர்டர் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. ஒரு மாத்திரையை ஆர்டர் இல்லாமல் யாராவது மேசையில் வைத்திருந்தால் உடனே கேட்டிருப்பேன். ஆக்சிஜன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, ஆளும் நன்றாக இருந்தார். ஓடுகிற ஒன்றைப் பார்க்கும்போது அதற்குப் பின்னால் ஒரு ஆர்டர் இருக்கும் என்று மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது.

ஆர்டர் இல்லாததால் இன்னொன்றும் நடந்தது. எங்கள் கணினியில் ஆர்டர் ஏறினால்தான் நர்ஸின் திரையில் ஒரு வரி வரும்: ஷிஃப்டுக்கு ஒரு முறை லிட்டரைப் பார், சாச்சுரேஷனைப் பார், இதற்குக் கீழே போனால், இதற்கு மேலே போனால் டாக்டரைக் கூப்பிடு. ஆர்டர் இல்லை, ஆகவே வரியும் இல்லை. அந்த வார இறுதி முழுவதும் அவருடைய ஆக்சிஜன் யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை.

சனிக்கிழமை இரவு: காலியான சிலிண்டர்

மாலை 5.15க்கு உணவுக் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள், சிறு சிலிண்டரோடு. சாப்பாட்டுக்குப் பிறகு அங்கேயே பாட்டு நிகழ்ச்சி. அவர் ரசித்து உட்கார்ந்திருந்தார். அறைக்குத் திரும்பும்போது மணி 7.30.

உதவியாளர்தான் முதலில் கவனித்தார். உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, பேச்சு துண்டு துண்டாக வருகிறது. சாச்சுரேஷன் 84. மாத்திரை வண்டியோடு நின்றிருந்த எல்.பி.என். ஓடி வந்தார். கான்சென்ட்ரேட்டரில் மாட்டி 4 லிட்டருக்கு ஏற்றினார். பத்து நிமிடத்தில் 96. அந்த நேரத்தில் அவர் செய்தது சரியான காரியம். 84ஐப் பார்த்துவிட்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் அதுதான் குற்றம்.

சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் கிடந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்த அளவு சிலிண்டருக்கு, முள் காட்டும் அழுத்தத்தை 0.28ஆல் பெருக்கி லிட்டரால் வகுத்தால் எத்தனை நிமிடம் ஓடும் என்று வரும். முழுச் சிலிண்டரின் அழுத்தம் 2000 பி.எஸ்.ஐ. (முள் காட்டும் அழுத்த அலகு) என்றால் 2 லிட்டரில் 280 நிமிடம். மாலையில் அவரோடு போன சிலிண்டரில் 500 அளவில்தான் இருந்தது என்பது உதவியாளரின் நினைவு. அதாவது 70 நிமிடம். அவர் வெளியே இருந்தது 135 நிமிடம். நோய் கூடியதால் 84 வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் காலிச் சிலிண்டரில் உட்கார்ந்திருந்ததால் வந்தது. மறுபடி மாட்டியபோது பழைய 2 லிட்டரே போதுமாக இருந்திருக்கலாம். 96 வந்த பிறகு இறக்கியிருக்க வேண்டும்.

இறக்கவில்லை. டாக்டருக்கும் ஃபோன் போகவில்லை. ஏன் என்று அந்த எல்.பி.என்.னிடம் பிறகு பேசினோம். அவர் மறைக்காமல் சொன்னார்: திரையில் ஆக்சிஜன் ஆர்டரைத் தேடினேன், இல்லை, வெள்ளிக்கிழமை நர்ஸ் இன்னும் ஏற்றி முடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன், 84ஆக இருந்தபோது கூப்பிட நேரமில்லை, 96 ஆன பிறகு சனிக்கிழமை இரவில் டாக்டரைத் தொந்தரவு செய்யக் காரணமில்லை என்று தோன்றியது. இதைப் படிக்கும் நர்ஸ்களில் எத்தனை பேர் இதே யோசனையை யோசித்திருப்போம்! உடல்நிலையில் கணிசமான மாற்றம் வந்தால் டாக்டரிடம் உடனே கலந்தாலோசிக்க வேண்டும், குடும்பத்துக்கும் சொல்ல வேண்டும் என்பது விதி. எண் சரியாகிவிட்டால் மாற்றமே நடக்காதது போல ஆகிவிடுகிறது.

இரவு 11 மணிக் குறிப்பு: 97, தூங்குகிறார். அதிகாலை 3 மணிக் குறிப்பு: 97, நன்றாகத் தூங்குகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை

8.40க்கு உதவியாளர் என்னிடம் வந்தார். பெரியவர் காபிக்கு எழுந்திருக்கவில்லை என்றார். வந்து ஒன்றரை நாள்தான் ஆகியிருந்தது, அதற்குள் அவருடைய காபி ஆசை எல்லோருக்கும் தெரியும்.

அறையில் முகம் சிவந்து, தோல் சூடாக இருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தார், பதில் முடிவதற்குள் மறுபடி சொக்கினார். தலை வலிக்கிறது என்றார். புதிர்ப் புத்தகம் மடியில் இருந்தது. பேனா தலைகீழாகப் பிடிபட்டிருந்தது. கட்டங்களில் மையே இல்லை, மூடி தேய்ந்த வெறும் தடம். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கையை மேல்நோக்கி மடக்கச் சொன்னேன். மணிக்கட்டு படபடவென்று தொய்ந்து தொய்ந்து எழுந்தது. மூச்சு நிமிடத்துக்கு 12, ஆழமில்லை. சாச்சுரேஷன் 97. பந்து நான்கில்.

அந்த 97ஐப் பார்த்து இரவெல்லாம் எங்கள் ஆட்கள் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ஆக்சிஜனை மட்டும்தான் காட்டும். கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அப்போது எடுத்த முடிவுகள்

கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கிறது என்று பட்டது. முதலில் குழாயைக் கழற்றிவிடத் தோன்றும். அது ஆபத்து. திடீரென்று நிறுத்தினால், ஆக்சிஜன் தொடங்குவதற்கு முன் இருந்ததைவிடக் கீழே சாச்சுரேஷன் இறங்கிவிடக்கூடும். ஆகவே கழற்றவில்லை. 4 லிட்டரிலிருந்து, முந்தைய நாள் அவர் நன்றாக இருந்த 2 லிட்டருக்கு இறக்கினேன். ஆக்ஸிமீட்டரை விரலிலேயே விட்டேன். படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தினேன். உதவியாளரை அறையை விட்டு நகர வேண்டாம் என்றேன்.

ஆர்டரைத் தேடி அப்போதுதான் கணினியைத் திறந்தேன். இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அழைப்புப் பணி டாக்டர் இவரைப் பார்த்ததே இல்லை. அதனால் சுருக்கமாக, முழுமையாகச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னது ஏறக்குறைய இதுதான்: “76 வயது, சி.ஓ.பி.டி., நிமோனியா முடிந்து வெள்ளிக்கிழமை வந்தவர். நேற்றிரவு சிலிண்டர் தீர்ந்து 84 வந்தது, 4 லிட்டருக்கு ஏற்றி பதின்மூன்று மணி நேரம் அப்படியே ஓடியிருக்கிறது. இப்போது 97, மூச்சு 12, மயக்கம், தலைவலி, கை படபடப்பு. 2 லிட்டருக்கு இறக்கியிருக்கிறேன். ஆக்சிஜனுக்கு ஆர்டரே இல்லை. கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.” ஆர்டர் இல்லை என்ற வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் தயங்கியது. ஆனாலும் அதை விட்டுவிட்டுச் சொல்லியிருந்தால் டாக்டருக்குப் பாதிக் கதைதான் கிடைத்திருக்கும்.

டாக்டர் 1 லிட்டருக்கு இறக்கச் சொன்னார், இலக்கு 88 முதல் 92 என்றார், ஆம்புலன்ஸுக்காக அவசர எண் 911ஐக் கூப்பிடச் சொன்னார். எழுதி, திரும்பப் படித்துக் காட்டினேன். பெரியவருக்கு எழுதப்பட்ட முதல் ஆக்சிஜன் ஆர்டர் அது. வந்து 38 மணி நேரம் கழித்து.

பெரியவரின் மனைவிக்கு ஃபோன் செய்தேன். பெரியவருடைய முன்கூட்டிய விருப்பப் படிவத்தில், தொண்டைக்குள் குழாய் போட்டு வெண்டிலேட்டர் வேண்டாம், மற்ற சிகிச்சை சரி என்று இருந்தது. அதை மனைவி உறுதி செய்தார். ஆம்புலன்ஸ் வந்ததும் காகிதங்களோடு நான் வாயால் சொன்னது ஒன்றுதான்: இவருக்கு இலக்கு 88 முதல் 92, அதிக ஆக்சிஜனில்தான் இப்படி ஆனது. சொல்லாவிட்டால் வழியில் அதிக ஆக்சிஜன் தரும் பெரிய மாஸ்க் போட்டுவிடுவார்களோ என்ற பயம். மூச்சு மருந்தைப் பனிபோல ஆக்கித் தரும் நெபுலைசரைக்கூடப் பல இடங்களில் ஆக்சிஜனை வைத்துத்தான் ஓட்டுவார்கள்.

ஆஸ்பத்திரியில் நடந்தது

தமனி இரத்தத்தில் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 7.27, கார்பன் டை ஆக்சைடு 76 மி.மீ. கார்பன் டை ஆக்சைடு சாதாரணமாக 35 முதல் 45 இருக்க வேண்டியது. முகத்தில் இறுக்கமான மாஸ்க் போட்டு அழுத்தத்தோடு காற்றைத் தரும் பைபேப் இயந்திரத்தில் ஒன்றரை நாள் வைத்தார்கள். திங்கட்கிழமை இரவு தெளிந்துவிட்டார். வியாழக்கிழமை எங்களிடமே திரும்பினார்.

ஏன் இப்படி ஆனது என்று இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சி.ஓ.பி.டி. நோயாளிக்கு மூச்சுவிடும் தூண்டுதலே ஆக்சிஜன் குறைவதால்தான் வருகிறது, அதிகம் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று நர்சிங் கல்லூரியில் படித்தோம். அது முழுக் கதை அல்ல. நுரையீரலில் காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு இரத்தம் போகாதபடி உடல் அங்குள்ள குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். ஆக்சிஜனைக் கூட்டினால் அந்தச் சுருக்கம் தளர்ந்துவிடும். இரத்தம் பயனில்லாத பகுதிக்குப் போய், கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றாமலே திரும்பும். கூடவே, ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபின் தான் சுமந்திருந்த கார்பன் டை ஆக்சைடை இரத்தத்தில் விட்டுவிடும். மூச்சு மந்தமாவது இவற்றோடு சேர்கிற மூன்றாவது காரணம்.

டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸிலேயே நடத்தி 2010ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இதில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். மூச்சுத் திணறலோடு வந்த 405 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல அதிக ஆக்சிஜன், மறு பகுதியினருக்கு 88 முதல் 92க்குள் நிறுத்தி அளவாக. இறப்பு முதல் பகுதியில் 9 சதவீதம், அளவாகக் கொடுத்த பகுதியில் 4 சதவீதம். அதே ஆக்சிஜன்தான், மேல் எல்லை வைத்ததும் வைக்காததும்தான் வித்தியாசம். ஆர்டர் என்பது அந்த எல்லையை எழுதி வைக்கிற இடம். எங்கள் பெரியவருக்கு எல்லை எழுதப்படவில்லை, அதனால் 97 என்ற எண் தவறாக யாருக்கும் தெரியவில்லை.

இல்லத்தில் ஆராய்ந்தது

செவ்வாய்க்கிழமை நர்சிங் இயக்குநர், மருத்துவ இயக்குநர், வெள்ளிக்கிழமை நர்ஸ், சனிக்கிழமை எல்.பி.என்., உதவியாளர், நான் எல்லோரும் உட்கார்ந்தோம். எல்.பி.என். மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நிர்வாகத் தரப்பில் ஒரு பேச்சு இருந்தது. நான் அதை ஏற்கவில்லை, மருத்துவ இயக்குநரும் ஏற்கவில்லை. வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு காலை வரை ஐந்து நர்ஸ்கள் அந்த அறைக்குள் போய் வந்திருக்கிறோம். ஐந்து பேருக்கும் தெரியாத ஒன்றைக் கடைசியில் தொட்டவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அப்படிச் செய்தால் அடுத்த முறை யாரும் நான்கு லிட்டர் என்று குறிப்பில் எழுதக்கூட மாட்டார்கள்.

மூன்று ஓட்டைகள் தெரிந்தன. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஆக்சிஜன் மருந்துப் பட்டியலுக்கு வெளியே விழுந்துவிடுகிறது. எங்கள் கணினியில் ஆர்டர் ஏறாவிட்டால் கவனிக்கும் வேலையும் உருவாவதில்லை. சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது யார் வேலை என்று யாருக்கும் சொல்லப்படவில்லை.

செய்த மாற்றங்கள்

முதலில் ஒரு பக்கச் சரிபார்ப்புத் தாள் அடித்தோம். இரண்டு வாரத்தில் அதைக் கைவிட்டோம். ஷிஃப்ட் முடிவில் மொத்தமாக டிக் போட்டார்கள். அட்மிஷன் நேரத்தில் யார் கையும் அதில் படவில்லை.

பிறகு, ஆம்புலன்ஸ்காரர்கள் கிளம்புவதற்கு முன் நடக்கும் ஒரு கேள்வியாக அதை மாற்றினோம். சேர்க்கும் நர்ஸ் முதலில் நோயாளியின் மூக்கைப் பார்க்க வேண்டும். குழாய் இருந்தால், காகிதத்தில் ஆர்டர் எங்கே என்று அங்கேயே தேட வேண்டும். இல்லை என்றால், அனுப்பிய வார்டு நர்ஸுக்கு ஃபோன்; எத்தனை நாளாக, எத்தனை லிட்டர், ஏன், ஆக்சிஜன் இல்லாமல் சாச்சுரேஷன் எவ்வளவு, வீட்டிலும் ஆக்சிஜன் உண்டா என்று கேட்க வேண்டும். அதன் பிறகு எங்கள் டாக்டருக்கு ஃபோன். ஆள் உள்ளே வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆர்டர் கணினியில் இருக்க வேண்டும். அதுவரை வந்த லிட்டரிலேயே ஓடும், யாரும் நிறுத்த மாட்டார்கள்.

“2 லிட்டர் ஆக்சிஜன்” என்று மட்டும் டாக்டர் சொன்னால் அதை ஆர்டராக எடுத்துக்கொள்வதில்லை என்றும் முடிவு செய்தோம். எந்தக் கருவி வழியாக, எத்தனை லிட்டர், எப்போதும் ஓட வேண்டுமா தேவைப்பட்டால் மட்டுமா, சாச்சுரேஷன் எதிலிருந்து எது வரை, எப்போது கூப்பிட வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். சில டாக்டர்கள் ஆரம்பத்தில் எரிச்சல்பட்டார்கள். மேல் எல்லையைக் கேட்பதுதான் அவர்களுக்குப் புதிதாக இருந்தது.

அதிக நேரம் விவாதித்தது நிலை ஆர்டரைப் பற்றி. எல்லா நோயாளிக்கும் “தேவைப்பட்டால் 2 லிட்டர்” என்று முன்கூட்டியே ஒரு கையெழுத்து வாங்கி வைத்துவிடலாம் என்றார் ஒருவர். கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிச் செய்தால் நோயாளியைப் பற்றி யாரும் யோசிக்காமலே ஆர்டர் என்ற ஒன்று கணினியில் நிற்கும். இப்போது இருப்பதைவிட அது மோசம். கடைசியில் மருத்துவ இயக்குநர் அவசரத்துக்கு மட்டும் ஒரு நெறிமுறை எழுதினார். சாச்சுரேஷன் 88க்குக் கீழே போனால் நர்ஸ் உடனே தொடங்கலாம், சி.ஓ.பி.டி. என்றால் 92க்கு மேல் போக விடாமல் இறக்க வேண்டும். தொடங்கிய கையோடு டாக்டருக்கு ஃபோன். 15 நிமிடத்தில் பதில் இல்லையென்றால் மறுபடி, 30 நிமிடத்தில் இல்லையென்றால் மருத்துவ இயக்குநருக்கே. நான்கு மணி நேரத்தில் அந்த நெறிமுறை கணினியில் தானாகக் காலாவதியாகும். அதற்குள் அந்த நோயாளிக்கென்று ஓர் ஆர்டர் வந்திருக்க வேண்டும். “ஃபோன் செய்வது என்னைத் தொந்தரவு செய்வது அல்ல” என்று அவர் எல்.பி.என்.களிடம் நேரில் சொன்னார். நாங்கள் செய்ததில் அதிகம் பலித்தது அந்த ஒரு வாக்கியம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிலிண்டர் வைக்கும் அறைக் கதவில் நிமிடக் கணக்கு அட்டை தொங்கவிட்டோம். 500 என்றால் 70 நிமிடம் என்று யாரும் பெருக்கிப் பார்க்க வேண்டாம், அட்டையில் இருக்கிறது. உதவியாளர்கள் லிட்டரை மாற்றக் கூடாது. ஆனால் அறைக்குப் போகும்போதெல்லாம் பந்து எங்கே நிற்கிறது என்று பார்த்து நர்ஸிடம் எண்ணைச் சொல்லலாம் என்று பழக்கினோம்.

இரண்டு மாதம் கழித்து மாநில ஆய்வாளர்கள் வழக்கமான ஆய்வுக்கு வந்தபோது பெரியவருடைய கோப்பை எடுத்தார்கள். சுவாசப் பராமரிப்புக்கான விதியின் கீழ், எஃப் 695 என்ற எண்ணில், குறை பதிவானது. ஒருவருக்கு உண்மையிலேயே தீங்கு நேர்ந்தது என்பதைக் குறிக்கும் ஜி நிலையில். பத்து நாளுக்குள் திருத்தத் திட்டம் கொடுத்தோம். பெரும்பாலானவை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன.

மறுபடி நடந்தால்

வெள்ளி இரவு சேர்ந்தவர்களின் ஆர்டர்களை சனிக்கிழமை காலை இரண்டாவது ஆர்.என். ஒருவர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சரிபார்க்க வேண்டும் என்பதை முதல் நாளிலிருந்தே கேட்டிருப்பேன். திரையைப் பார்த்து ஆளைத் தேடாமல், ஆளின் உடலில் மாட்டியிருக்கும் ஒவ்வொன்றையும் பார்த்து அதற்கான ஆர்டரைத் தேட வேண்டும். மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய், கையில் ஊசி, காலில் கட்டு. சனி காலை நான் அப்படிப் பார்த்திருந்தால் இரவு வந்த எல்.பி.என். திரையில் 88 முதல் 92 என்று இருந்திருக்கும்.

சிலிண்டர் விஷயம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. அட்டை இருக்கிறது, ஆனாலும் விழா நாட்களில் கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்திருக்கும்போது எந்த முள் எங்கே நிற்கிறது என்று சுற்றிப் பார்க்க ஒரு ஆள் தனியாக வேண்டியிருக்கிறது. அந்த ஆள் எங்களுக்கு எல்லா விழாவிலும் கிடைப்பதில்லை.

பெரியவர் ஐந்து வாரம் எங்களோடு இருந்தார். வீட்டுக்கு அனுப்பும் முன் ஆக்சிஜன் இல்லாமல் உட்கார வைத்துப் பார்த்தார்கள், 87 வந்தது. வீட்டு ஆக்சிஜனுக்கு மெடிகேர் (முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் தர 88 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், ஆகவே கிடைத்தது. டாக்டர் ஓய்வில் 1 லிட்டர், நடக்கும்போது 2, இலக்கு 88 முதல் 92 என்று எழுதிக் கொடுத்தார். டிஸ்சார்ஜ் காகிதத்தின் மருந்துப் பட்டியலில் ஆக்சிஜனை முதல் வரியாக நானே போட்டேன். மனைவி அதை வாங்கி, பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து, மேல் எண் எது கீழ் எண் எது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். 92க்கு மேல் போனால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார். எண்ணைச் சொன்னேன், அதையும் எழுதினார்.